திருப்பி எடுக்கவேண்டிய அர்ச்சனை

"கும்பிட்டுக் கேட்டதைத் திருப்பி எடுக்கேலுமோ, அக்கா?"

கனடாவில், சென்ட் லோரன்ட்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கையிலிருந்து இதுதான் காதில் விழுந்தது. இரண்டு பெண்கள், கோயிலுக்குப் போகிறார்கள். கேட்டவர் மடியிலிருந்த தேங்காய்ப் பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அப்பிடி என்னத்தைக் கேட்டனி?"

"நான் கேக்கேல்லை. இவர்தான் போன வெள்ளி ஆமியில இருக்கிற மகன்ரை பேரில அர்ச்சனை செய்விச்சவர். முந்தி இங்கத்தைய ஆமிக்கும் இங்கிலாந்தின்ரை பெரிய வீரப் பதக்கம்தானாம். பேந்து கனடா தனக்கெண்டு ஒண்டு உண்டாக்கினதாம். இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லையாம். எங்கட பெடியன்தான் முதல் ஆளா வாங்கோணுமாம்."

"நல்லதைத்தானே கேட்டிருக்கிறார்."

"என்ன நல்லது? சும்மா நிண்டவனுக்கே குடுப்பினம்? வெடிக்குள்ள ஓடினவனுக்குத்தான் குடுப்பினம். உப்பிடியானதுகளைக் கனதரம் தாய்மார்தான் போய் வாங்கிறவை."

அக்கா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இப்ப போய் என்னெண்டு கேக்கப்போறாய்?"

"முருகா, அந்த மனுசன் கேட்டதைக் காதில எடுக்காதை. என்ரை பிள்ளை ஒரு வீரமும் காட்டாமல் வீட்டை வந்து சேரட்டும்."

"ஓம்," என்ற அக்கா, தன் பையிலிருந்த தேங்காயையும் எடுத்து அவர் மடியில் வைத்தார்.