ஆறு பத்துக்கு ஒரு பச்சைப் புள்ளி

இந்தச் சின்ன வயதில் இவ்வளவு கனமான கண்ணாடியா, மூக்கு வலிக்காதா என்றுதான் உங்களைப் பார்த்ததும் நினைத்தேன். இன்ஸ்பெக்டர் என்று பிறகுதான் தெரிந்தது. என் மருமகளுக்கும் உங்கள் வயதுதான்.

எனக்குக் கண்ணில் நீரழுத்தம். காலையும் மாலையும் சொட்டு மருந்து விட வேண்டும். நானே விட்டால் கன்னத்தில் விழும். அவள் விட்டால் ஒரு சொட்டு வீணாகாது. "அத்தை, மேல பாருங்க. சிமிட்டினா இன்னொண்ணு விடுவேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்பாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சண்டை என் மகனுக்கும் அவளுக்கும். லேப்டாப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மாடியில் அவன் வேலை பார்க்கும் அறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். உள்ளே பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. தினமும் காலை ஆறு பத்துக்கு ரவுட்டர் அதை எழுப்பிவிடும். அவன் குளித்துவிட்டு வருவதற்குள் மெயில், சாட் எல்லாம் திறந்து தயாராக இருக்கும். யாரும் தொடாவிட்டால் இருபது நிமிடத்தில் அணைந்துவிடும். "கரண்ட் போயிட்டு வந்தா இது எல்லாத்தையும் மறந்துடும்மா, உன்னை மாதிரியே. நீதான் போன்ல மறுபடி நேரம் வைக்கணும்" என்று எப்போதோ கற்றுக்கொடுத்திருந்தான்.

அவன் போன ஒன்பதாம் நாள் தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. லாரி மோதிவிட்டதாம். அவன் போனில் 'அம்மா' என்றிருந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். "யாரு அத்தை?" என்றாள். "ராங் நம்பர்" என்றேன். அக்கா வீட்டுக்கு என்று சொல்லித் தனியாகப் போனேன். அடையாளம் காட்டினேன். அங்கேயே எரித்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காலை சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அவள் வழக்கம்போலப் போனை நீட்டினாள். சாட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருக்கிறான் என்று காட்டும் பச்சைப் புள்ளி. "வந்துட்டாரு பாருங்க. கோவம்தான் தீரலை, ஆள் நல்லாத்தான் இருக்காரு." கொண்டுபோன லேப்டாப்பிலிருந்து வருகிறான் என்று அவள் நினைப்பு. நான் எதுவும் செய்யவில்லை. அது தானாக எரிந்தது.

இரண்டு வாரம் கழித்து மின்சாரம் போய் வந்தது. காலையில் புள்ளி இல்லை. அவள் அடுப்பு மூட்டவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்தே இருந்தாள். அன்று யாரும் எனக்கு மருந்து விடவில்லை. போனில் எழுத்துகளைப் பெரிதாக்கி, ஆறு பத்து என்று வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு மணி என்று மாற்றினேன். அவன் அன்று தாமதமாகத்தான் எழுவான். இல்லாவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரின் சத்தத்தையும் அடைத்தேன். அவள் அனுப்புகிற செய்திகள் திரையில் வரிசையாக ஏறும். நான் படித்ததில்லை. அது நாகரிகமில்லை.

பத்து மாதம் கழித்து அவள் அண்ணன் அழைத்துப்போக வந்தான். "புள்ளியோடயா குடும்பம் நடத்துறே? கிளம்பு." பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்து பதினொன்றே கால் என்று புதிதாக ஒன்று வைத்தேன். அந்த நேரத்துக்கு அவன் வந்ததே இல்லை. போனில் புள்ளியைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தாள். "நான் போறது தெரிஞ்சுதான் வந்திருக்காரு, அண்ணா" என்றாள். சாயங்காலம் எனக்கு மருந்து விட்டாள். ஒரு சொட்டு வீணாகவில்லை.

அவள் அண்ணன் சும்மா இருக்கவில்லை, உங்களிடம் வந்தான். புள்ளி எங்கிருந்து வருகிறது என்று தேடினீர்கள். எங்கள் வீட்டு முகவரியே வந்தது.

செய்தது நான்தான். பதினான்கு மாதம். கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள்.

ஆனால் வெளியே பெஞ்சில் இருப்பவளிடம் நானே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். என் போனை உங்கள் கையிலிருந்து வாங்கி, அந்த நேரங்களை நானே எடுத்துவிட வேண்டும் என்கிறீர்கள். அதை மட்டும் கேட்காதீர்கள், அம்மா. அவளுக்கு யார் இருக்கிறார்கள்? என்னால் முடியாது.

போனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை. அவன் எட்டு மணிக்குத்தான் எழுவான்.