துடைக்கச் சொன்ன எண்ணெய்

சமையலறைச் சுவருக்கு வெள்ளை டைல்ஸ்தான் பொருத்தம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அழுக்குப் பட்டால் தெரியும், தெரிந்தால் துடைத்துவிடலாம். கோந்த்வா டைல்ஸ் கடையில் அதைத்தான் தொட்டுக் காட்டினேன்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் பவுனு," என்றார் சியாமளா மதினி, என் கணவரின் அக்கா. அவர் எடுத்தது படம் போட்ட டைல்ஸ்: ஒரு கெட்டில், பக்கத்தில் ஒரு கோப்பை, மேலே திராட்சைக் குலை. வரிசைக்கு வரிசை அதே கெட்டில்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் என் கணவர். பொதுவாகவே நான் ஒன்றும் சொல்வதில்லை.

திண்டுக்கல்லிலிருந்து எங்களைச் சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் மதினி இந்த மராத்தி ஊருக்கு, எங்கள் கோர்படி வீட்டுக்கு வந்தார். முதலில் என் உப்புச் சாடி இடம் மாறியது. பிறகு அரிசி டின். பிறகு அடுப்பே. சுவர் வேலை முடிந்ததும், "இனி இங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன்டா தம்பி. இந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்?" என்றார். எனக்கென்று இருந்தது அந்தச் சமையலறை ஒன்றுதான். அதனால் யோசித்தேன். கோபமெல்லாம் இல்லை.

சமையலறையின் தேய்ந்த தரைக்கல்லைப் பாலிஷ் போட மதினியே ரமேஷை வரவழைத்தார். மராத்திக்காரர். மெஷின் ஓட்டி, கழுவி, கல் கறுகறுவென்று தெரிய எண்ணெய் தடவினார். கிளம்பும்போது என்னிடம், "வஹினி, தேல் நீட் புசூன் க்யா," என்றார்.

மராத்தியில் 'தேல்' என்றால் எண்ணெய், 'புசு' என்றால் துடைப்பது. தமிழில் 'பூசு' என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

நான் பூசினேன். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், மதினி ஊரிலிருந்து கொண்டுவந்தது.

காலையில் மதினி சுவரின் கெட்டில்களைப் பார்த்தபடியே காப்பி போட உள்ளே போனார். வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

நடந்தது புரிந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியோடு சிரித்தார். "பூசுன்னு நெனச்சிட்டாடா. பாஷை தெரியாத புள்ள, திட்டாத அவள." தங்கமான மனசு.

எனக்கு மராத்தி தெரியும். மதிய வேளைகளில் டிவித் தொடர் பார்த்துக் கற்றது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரமேஷ் அன்று இன்னொன்றும் சொன்னார், இல்லாவிட்டால் யாராவது விழுவார்கள் என்று. அதைக் கேட்ட பிறகுதான் எண்ணெய்ப் பாட்டிலை எடுக்கப் போனேன்.

இப்போது மதினியின் கட்டிலைச் சமையலறை வாசலுக்கு நேராகப் போட்டிருக்கிறேன். ஆசைப்பட்டு வாங்கிய சுவர், படுத்தபடியே பார்க்கட்டும். வேளாவேளைக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொடுக்கிறேன். உப்புச் சாடி பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

அடுத்த மாதம் எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் கூடத்துக் கல்லையும் பாலிஷ் போட்டுவிடலாம் என்று நானே சொன்னேன். மறுபடி தப்பு நடக்கக்கூடாதென்று என் கணவர் ரமேஷுக்குத் தமிழில் 'துடை' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ரமேஷ் வாயில் அது 'தொடு' என்றுதான் வருகிறது. நான் சொன்னதைச் செய்கிறவள். எண்ணெயைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவேன்.