அவுக இறங்கிட்டாக

மணி ஏழேகால். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் ரோடு. ஐப்பசி மழை... எதிரே ஒரு மாட்டுவண்டி கூட இல்லை.

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது கத்திச் சொல்கிற விஷயம் இல்லை. எழுபத்து மூன்றில், நம்ம இன்பராஜின் தாய்மாமன் தனுஷ்கோடிக்கு நடந்தது. அவர் வயர்மேன். தோட்டங்களில் கிணற்று மோட்டாருக்கு லைன் இழுப்பார். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். வீட்டில் மனைவி செல்லக்கிளிக்கு எட்டாம் மாதம். இடி இடித்தால் அவள் தனியாக இருக்க மாட்டாள். அதனால்தான் மழை விடட்டும் என்று வேலை பார்த்த ஊர்க்காரர்கள் சொல்லியும் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

பாதி வழியில் பின்சக்கரம் ஆடியது. இறங்கித் தடவினார். கருவேலமுள். காற்று முழுக்க இறங்கிவிட்டது.

தள்ளிக்கொண்டே நடந்தார். மின்னல் வெட்டும்போது மட்டும் ரோடு தெரியும். அப்புறம் கும்மிருட்டு. இரண்டு பர்லாங் போயிருப்பார்... இடது கைப் பக்கம் ஒரு வெளிச்சம். லாந்தர் இல்லை. கரண்டு வெளிச்சம்.

மண்பாதையில் வண்டியைத் தள்ளினார். கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகர விடவில்லை. வெளிச்சம் தெரிந்த வீட்டு முன்னால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே முப்பது வயதுப் பெண் ஒருத்தி, ஈரமில்லாத சேலையில், சுவரோரம் நின்றிருந்தாள்.

குண்டு பல்பு மங்கி... திடீரென்று கண் கூசும்படி எரிந்து... மறுபடி மங்கியது. கரண்டு ஏகத்துக்குக் கூடி வருகிறது என்று தனுஷ்கோடிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மூலையில் ரேடியோப் பெட்டி புகைந்துகொண்டிருந்தது. வார்னிஷ் கருகும் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை... தலைமுடி பொசுங்குகிற மாதிரி.

மழை பிடித்ததிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது, வீட்டுக்காரர் கிணற்று லைனைச் சரி பண்ணப் போயிருக்கிறார் என்று அவள் சொன்னாள். சுவரில் இரண்டு மெயின் சுவிட்ச். ஒன்று வீட்டுக்கு. மோட்டாருக்குப் போகிற இன்னொன்று அணைந்திருந்தது. அதைக் காட்டினாள்.

"அண்ணே, அவுக இறங்கிட்டாக. மெயினப் போடுங்க."

பழக்கதோஷம். கை கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம்.

டிங்... டிங்...

கரண்டுக் கம்பத்துப் பீங்கானில் கட்டிங் பிளேயர் தட்டும் சத்தம். உயரத்திலிருந்து வந்தது. இருபது வருஷமாக அவர் தினமும் கேட்கிற சத்தம், தப்பாது. ஆள் இன்னும் போஸ்ட் மேலேதான் இருக்கிறார்.

கையை இழுத்துக்கொண்டார். அவள் குரல் மாறவே இல்லை.

"இறங்கிட்டாக அண்ணே. போடுங்க."

நான் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, அவளுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்தார். வெளியே திரும்பினார். மின்னல் வெட்டியது. கிணற்றடிப் போஸ்ட் உச்சியில் ஒரு ஆள், கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு... இவரைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

இவருக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே...

டக்.

பிளேயர் சத்தம் நின்றது. பல்பு வெடித்தது.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். எங்கே விழுந்தார், எப்படி எழுந்தார் என்று தெரியாது. ரோட்டில் பருத்தி லோடு ஏற்றி வந்த லாரிக்காரர்தான் அவரைத் தூக்கிப் போட்டு வீடு சேர்த்தார்.

விடிந்ததும் கூட்டாளி பால்ச்சாமியைக் கூட்டிக்கொண்டு போனார். வண்டி இருந்தது. ஸ்டாண்டு போட்டது போட்டபடி, கம்பங்காட்டுக்கு நடுவில். வீடு இல்லை. கிணறு இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு போஸ்ட் கூட இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். அந்தக் காட்டில் என்றைக்குமே வீடு இருந்ததில்லை என்றார்கள்.

பிள்ளைத்தாய்ச்சி பயந்துவிடுவாள் என்று மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை. பால்ச்சாமியையும் சொல்லவிடவில்லை. இருபது நாளைக்குப் போஸ்ட் பக்கமே போகாமல் வீட்டு வயரிங் மட்டும் பார்த்தார். அப்புறம் பாலவனத்தத்தில் ஒரு தோட்டத்து வேலை வந்தது. சரி, எத்தனை நாள் பயந்துகொண்டே இருப்பது என்று ஒத்துக்கொண்டார்.

அந்த வேலைக்கு முந்தின நாள் பொழுதடையச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். குழம்பை ஊற்றிக்கொண்டே செல்லக்கிளி சாதாரணமாகச் சொன்னாள்.

"மத்தியானம் ஒரு அக்கா வந்துச்சுங்க. 'உன் வீட்டுக்காரவுக மறுபடி எப்பப் போஸ்ட்டுல ஏறுவாக'ன்னு கேட்டுச்சு."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. நீ என்ன சொன்னாய் என்று கேட்டார்.

"நாளைக்குக் காலையில, பாலவனத்தத்துலன்னு சொன்னேன். நல்ல மாதிரியான அக்காங்க. 'நீ பயப்படாத தாயி, நான் கீழ நின்னு பாத்துக்கிறேன்'னு சொல்லிட்டுப் போச்சு."