மதகைத் திறந்த கை

இல்லக்கா, உக்காரல. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடுறேன். உதட்டுல தையல் போட்டிருக்கு, பேச்சு குழறினா பொறுத்துக்கங்க. ஆமா, உங்க வீட்டுக்காரர் அடிச்சதுதான். அதுக்கு முன்னால நான் அவரை அடிச்சேன். அதையும் சேத்துத்தானே சொல்லணும்.

நான் அந்தக் கழிவுநீர் நிலையத்துல பம்பு ஓட்டுறவ. ஊர்ச் சாக்கடை மொத்தமும் மொதல்ல ஒரு ஆழமான தொட்டிக்குத்தான் வரும். அங்க ஒரு கம்பி வலை. துணி, பிளாஸ்டிக்கு எல்லாம் அதுல தங்கிடும். அது பிஞ்சுபோச்சு. அப்படியே ஓட்டினா பம்பெல்லாம் அடைச்சுக்கும். அதனால மதகை எறக்கித் தண்ணிய நிறுத்திட்டு, ஃபிட்டர் ஒருத்தர் உள்ள எறங்கி புதுக் கம்பி மாட்டிக்கிட்டிருந்தாரு. அது வரைக்கும் சாக்கடை அப்படியே கடலுக்குப் போச்சு. உங்க கரையில மீன் செத்து ஒதுங்கினதும், புள்ளைங்க வாந்தி எடுத்ததும் எங்களுக்குத் தெரியாம இல்லக்கா.

உங்காளுங்க வந்த கோவத்தை நான் கொறை சொல்லல. லாரியால கேட்டை இடிச்சாங்க. காவலாளி மண்டையப் பொளந்தாங்க. கண்ணாடியெல்லாம் பொடிப்பொடி. எங்க கெமிஸ்ட்டு மேசைக்கடியில பதுங்கினாரு, காலைப் புடிச்சு இழுத்துப்போட்டு மிதிச்சாங்க. ஆள் நல்ல பருமன், மேசையும் கூடவே வந்துச்சு. இப்ப சொன்னா சிரிப்பு வருது. அப்ப வரல.

உங்க வீட்டுக்காரர் நேரா மதகுக்கிட்டதான் வந்தாரு. கடல்ல விடாத, உள்ள விட்டு சுத்தம் பண்ணுன்னு மதகைத் தூக்குற சக்கரத்தைச் சுத்த ஆரம்பிச்சாரு. உள்ள ஆள் இருக்காருன்னு கத்துனேன். போன தடவ நாங்க கேக்க வந்தப்பவும் இதே பொய்யத்தான் சொன்னீங்கன்னாரு. சொன்னோம்தான். போன தடவ உள்ள யாரும் இல்ல. மேனேஜர் சொல்லச் சொன்னாரு, சொன்னோம்.

கால்ல விழுந்தேன். ஒதறிட்டு சுத்துனாரு. தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சு. பெரிய ஸ்பேனரு கெடந்துச்சு, எடுத்து மணிக்கட்டுல ஓங்கிப் போட்டேன். எலும்பு முறியிற சத்தம் என் காதுலயே விழுந்துச்சு. அவர் இன்னொரு கையால வாயில ஒண்ணு விட்டாரு. ரெண்டு பல்லு அங்கேயே போச்சு. நான் விடல, கடிச்சேன். முடியைப் புடிச்சு என் தலையைச் சுவத்துல மோதினாரு. கொன்னுடுவாருன்னு நெனச்சேன். எனக்கும் அவரைக் கொல்லணும்னுதான் இருந்துச்சு.

அப்பத்தான் கீழருந்து ஃபிட்டர் அலறுனாரு.

உங்க வீட்டுக்காரர் கை அப்படியே நின்னுபோச்சு. என் முடிய விடக்கூட இல்ல. நெஜமாவே ஆள் இருக்கானு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு. ரெண்டு பேருமா மதகை எறக்கப் பாத்தோம். தண்ணி வேகத்துல சிக்கிக்கிச்சு, அசையல. ஃபிட்டருக்குக் கால் கம்பியில மாட்டிக்கிச்சு, கழுத்து வரைக்கும் தண்ணி. உங்க வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லக்கா. கயித்தோட ஒரு முனையை என் கையில திணிச்சுட்டு ஏணியில எறங்கிட்டாரு. உள்ள விஷக்காத்து, வேணாம்னேன். முங்கி முங்கிக் காலை எடுத்துவிட்டாரு. ஃபிட்டர் இடுப்புல கயித்தைக் கட்டிட்டு, இழுன்னாரு. உங்காளுங்களும் ஓடிவந்து சேந்து இழுத்தாங்க. ஃபிட்டர் மேல வந்துட்டாரு.

கயித்தை அவுத்துத் திரும்பப் போடுறதுக்குள்ள உங்க வீட்டுக்காரரும் ஏறத்தான் பாத்தாரு. ஏணிக்கம்பி கைக்கு எட்டிடுச்சு. புடிக்கத்தான் முடியல. நான் முறிச்ச கை அது.

ஒடைக்க வந்தவன் கால் தவறி விழுந்து செத்துட்டான்னு மேனேஜர் போலீஸ்ல சொல்லியிருக்காரு. என்னையும் அப்படியே சொல்லச் சொன்னாரு. நான் நடந்ததை நடந்தபடி சொல்லிட்டுத்தான் இங்க வர்றேன். கையை முறிச்சதையும் சொன்னேன். போலீஸ்ல கூப்பிட்டா போவேன். நீங்க அடிக்கணும்னாலும் அடிங்கக்கா, தடுக்க மாட்டேன்.

இல்ல, தனியா வரல. ஃபிட்டரும் வந்திருக்காரு. தெருமுனையில நிக்கிறாரு, உங்க மொகத்தைப் பாக்கத் தைரியம் இல்லையாம். காலு இன்னும் ஊன முடியல, நான்தான் தாங்கிக் கூட்டிட்டு வந்தேன்.

ஆமாக்கா. என் வீட்டுக்காரர்தான்.

கூப்பிடவா?