பாட்டி உட்காராத மேசை

ஹலோ… ஹலோ, கேக்குதா? … கிரேத்தா அத்தையா? … நான்தான் அத்தை, யுஸ்தீனா. … ஆமா, ஊர்லேர்ந்துதான். நம்ம சபைக் காலனிக்குள்ள ஏது போன்? வெளியில ரோட்டுமேல இருக்கற கடையிலேர்ந்து பேசறேன். கடைக்காரம்மாவோட போன். … மாமா இருக்காரா?

… பேச மாட்டார்னு தெரியும் அத்தை. ஆகஸ்ட்லேர்ந்து இதே கடைக்கு வந்து வந்து கூப்பிடறேன், ஒரு தடவையாவது எடுத்தாரா? இன்னைக்கு அவர் காதுல போனை வைங்க. … இல்ல. … இல்ல அத்தை, உடம்பு சரியில்லாம இல்ல.

… ஆமா.

… ஆமா அத்தை. காலையில. நான் பால் கறந்துட்டு உள்ள வந்தேன்… ஆமா. ஆமா. … நீங்க அழுதா நானும் அழுதுடுவேன். இங்க லாரிக்காரங்க உட்கார்ந்து சோடா குடிச்சுக்கிட்டு என்னையே பாக்கறாங்க. மாமாகிட்ட குடுங்க.

… மாமா?

… மாமா, நான் யுஸ்தீனா. … நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் பேசறேன்.

பாட்டி போயிட்டாங்க மாமா.

…

இருக்கீங்களா? … ம். … ம்.

… இல்ல, கஷ்டப்படலை. நேத்து சாயங்காலம் கொஞ்சம் மோர் குடிச்சாங்க. அப்புறம் தூங்கிட்டாங்க. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்.

… நாளைக்குக் காலையில. இந்தப் புழுக்கத்துல அதுக்கு மேல வைக்க முடியாது. அடியில ஐஸ் போட்டிருக்கு. நான் கிளம்பறப்பவே பெட்டி அடிக்கற சத்தம் கேட்டுது. குழி அந்த ரெண்டு பேருக்குப் பக்கத்துலயே தோண்டறாங்க… ஆமா, காலனிக்கு வந்த புதுசுல செத்துப்போன பிள்ளைங்க. உங்க அண்ணனும் அந்தப் பாப்பாவும். அந்த இடத்தை யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு பாட்டி என்னைக்கோ சொல்லி வச்சிருந்தாங்க.

… அம்மாவா? அம்மா அழக்கூட நேரமில்லாம மாவு பிசைஞ்சுட்டு இருக்காங்க. வீடு வீடா பிரிச்சுக் குடுத்தாச்சு, தெரு முழுக்க ரொட்டி வாசனை. … அதேதான், பெரிய உருண்டை மேல சின்ன உருண்டை. நான் வச்சதெல்லாம் தலை சாஞ்சு கிடக்கு. பாட்டி இருந்தா மாவைப் பிடுங்கிட்டு, நீ போய் மாட்டைப் பாரு, அதுதான் உன்னைப் பொறுத்துக்கும்னு சொல்லியிருப்பாங்க.

… என்னது? லைன் சரியில்ல, இன்னொரு தடவை சொல்லுங்க.

… உங்களைக் கேட்டாங்களாவா.

… இல்ல மாமா.

… கேக்கலை. … பொய்யா சொல்லட்டும்? கடைசியா அவங்க கேட்டது, கன்னுக்குட்டி குடிச்சுதா. குடிச்சுதுன்னு சொன்னேன். சரின்னாங்க. அவ்வளவுதான் பேசினாங்க.

… மாமா. வச்சுடாதீங்க. … மாமா, நீங்க வச்சீங்கன்னா நான் திரும்பக் கூப்பிடுவேன். இந்தக் கடையிலயே உட்கார்ந்துடுவேன்.

… வர மாட்டீங்களா?

… சபை மூப்பர் வந்தார். நீங்க வரலாமான்னு நானே அவர்கிட்ட கேட்டேன். … ஆமா, நான்தான். நாலு பேர் முன்னாடி எனக்கு வாய் வராது, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். நீங்க முகம் பாக்கலாம். கல்லறைக்கு வரலாம். பெட்டியைத் தூக்கக் கூடாது. சாப்பாடு தனி மேசை. … வீட்டுல இல்ல. கொட்டகையில. … ஆமா. … சொல்றப்ப அவரும் தரையைத்தான் பாத்தார் மாமா. பாட்டிதானே அவருக்குக் கையைப் பிடிச்சு எழுதக் கத்துக்குடுத்து… சரி, சரி, அவர் கதை வேண்டாம்.

… ஆமா, ரப்பர் டயருக்குத்தான் உங்களை விலக்கினாங்க. எனக்குத் தெரியாதா? டிராக்டருக்கு இரும்புச் சக்கரத்தையே வச்சிருந்தா நாளைக்கு நீங்கதான் பெட்டியை முன்னாடி தூக்குவீங்க. … ஆமா. … ஆமா மாமா, ஒரு டயர்தான். … நான் போட்ட சட்டமா அது? என் மேல ஏன் கத்தறீங்க?

… பரவாயில்ல. கத்துங்க.

(அம்மா, இன்னும் கொஞ்ச நேரம். ஆமா, சார்ஜ் கம்மியா இருக்கு, பாத்தேன். முடிச்சுடறேன்.) … ஒண்ணுமில்ல, கடைக்காரம்மா.

… அப்படிச் சொல்லாதீங்க. … இல்ல, அது அப்படி இல்ல. … அந்தக் கிண்ணம்தானே? ஆமா. ஆமா, அதைச் சொல்லத்தான் இத்தனை மாசமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க எடுத்தாத்தானே?

… தெரியும். ஆகஸ்ட்ல, தெற்குக் காத்து அடிச்ச அன்னைக்கு. பாட்டி இடுப்பை உடைச்சுக்கிட்டுப் படுத்திருந்தாங்க. நீங்க பிக்கப்ல வந்தீங்க, அத்தை செஞ்ச பழக்கூழ் கொண்டு வந்தீங்க. கட்டில்கிட்ட உட்கார்ந்து கரண்டியில எடுத்து நீட்டினீங்க. பாட்டி வாயை மூடிக்கிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிட்டாங்க. … ஆமா. கிண்ணத்தை ஜன்னல் திட்டுல வச்சுட்டு நீங்க போயிட்டீங்க. … ஆமா, ஒரு வாய்கூட வாங்கலை. பெத்த பிள்ளை கையிலேர்ந்து. … எல்லாம் ஆமா மாமா. நீங்க பாத்ததெல்லாம் உண்மைதான். நீங்க போனப்புறம் நடந்ததை நான் சொல்லட்டுமா?

… இல்ல, அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். உங்களைச் சபையிலேர்ந்து விலக்கினப்புறம் நீங்க ஞாயித்துக்கிழமை வருவீங்களே. அப்பாவும் அம்மாவும் முன்னாடியே சாப்பிட்டு எழுந்துடுவாங்க. மேசையில நீங்களும் நாங்க சின்னவங்களும்தான். பாட்டி எங்க இருப்பாங்க? … யோசிச்சுப் பாருங்க.

… அடுப்புக்கிட்ட. ஆமா. எப்படி? … நின்னுக்கிட்டு. தட்டைக் கையில வச்சுக்கிட்டு. … நானும் அப்படித்தான் நினைச்சேன், பரிமாறறாங்கன்னு. பொம்பளைங்க நின்னுக்கிட்டுச் சாப்பிட்டா யார் மாமா கவனிக்கறா? நீங்க வராத ஞாயித்துக்கிழமையில பாட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுவாங்க. ஜன்னல் பக்கத்து நாற்காலியில. நீங்க வந்தா மட்டும் அந்த நாற்காலி காலியா இருக்கும்.

… அவங்களே சொன்னாங்க. அன்னைக்குத்தான் சொன்னாங்க. விலக்கினவனோட மேசையில உட்கார மாட்டேன், அவன் கையிலேர்ந்து வாங்க மாட்டேன்னு ஞானஸ்நானத்தப்ப முழங்கால் போட்டு வாக்குக் குடுத்திருக்கேன்டி, அது கடவுளுக்குக் குடுத்தது, எனக்கு இஷ்டப்பட்ட மாதிரி திருப்பி வாங்கிக்க முடியாது. ஆனா நிக்கறதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே… இதைச் சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அந்த வலியில. சூரியகாந்தி விதையை உடைச்சுட்டுத் துப்பறப்ப ஒரு சிரிப்பு சிரிப்பாங்களே, அந்தச் சிரிப்பு.

… கையிலேர்ந்தா? எப்பவும் நீங்க மேசைமேலதானே வைப்பீங்க? சர்க்கரையோ துணியோ எதுவா இருந்தாலும் மேசைமேல வைப்பீங்க, அவங்க எடுத்துப்பாங்க. அன்னைக்கு மேசை இல்ல. அவங்களால நிக்கவும் முடியலை. கரண்டி உங்க கையில இருந்தது. வேற என்ன செய்வாங்க? முகத்தைக் காட்டினா அழுதுடுவாங்க. அதான் சுவர்ப்பக்கம் திரும்பினாங்க. … நான் மாட்டுக்கிட்ட இருந்தேன் மாமா. உள்ள இருந்திருந்தா நான் வாங்கி ஊட்டியிருப்பேன்.

… கேளுங்க. நான் உள்ள வரேன், உங்க வண்டி அப்பத்தான் வேலியைத் தாண்டுது. பாட்டி, என்னைத் தூக்கி நிறுத்துன்னாங்க. முடியாது பாட்டி, டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டேன். நிறுத்து, சீக்கிரம், அவன் போயிடுவான்னாங்க. அந்த மாதிரி என்னை அவங்க அதட்டினதே இல்ல. ரெண்டு கக்கத்துலயும் கை குடுத்துத் தூக்கினேன். ஒரு காலை மட்டும் தரையில ஊன்றி, ஜன்னல் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவங்க உடம்பே நடுங்குது. என் கையெல்லாம் அவங்க வேர்வை. திட்டுலேர்ந்து கிண்ணத்தை அவங்களேதான் எடுத்தாங்க. என்னை எடுத்துக் குடுக்க விடலை.

நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்க மாமா. வேக வேகமா. ரோட்டைப் பாத்துக்கிட்டே. கூழு மோவாயில வழியுது, துடைச்சுக்கலை. ஏன் பாட்டி இப்படி அவசரப்படறீங்கன்னு கேட்டேன். வண்டி கண்ணுக்குத் தெரியலை, தூசி மட்டும்தான் தெரிஞ்சுது. அதைக் காட்டினாங்க. அந்தத் தூசி அடங்கற வரைக்கும் அவன் இங்கதான் இருக்கான், நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்னாங்க.

…

மாமா?

… ஆமா. … முழுசும். உலர்ந்த திராட்சை ஒண்ணுகூட விடலை. பட்டை ஜாஸ்தின்னு சொன்னாங்க. அதை அத்தைகிட்ட சொல்லாதீங்க.

… ஏன் பொய் சொல்லணும்? … சத்தியமெல்லாம் பண்ணச் சொல்லாதீங்க, நம்ம சபையில அது கிடையாது, மறந்துட்டீங்களா? ஆமான்னா ஆமா. இல்லைன்னா இல்ல. உங்களைக் கேட்டாங்களான்னு கேட்டப்ப நான் இல்லைன்னுதானே சொன்னேன்? அப்ப இதையும் நம்புங்க.

… ம்.

… ம். அழுங்க. நான் இருக்கேன்.

… அதுக்கப்புறம் அவங்க நிக்கவே இல்ல. வலி அதிகமாயிடுச்சு. ஆனா சாப்பிடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவோமே, நாங்கல்லாம் தலையை நிமிர்த்திடுவோம், பாட்டி மட்டும் கண்ணை மூடிக்கிட்டே இருப்பாங்க. தட்டுல இருக்கறது ஆறிப்போனாலும் அசைய மாட்டாங்க. உங்களை விலக்கின நாள்லேர்ந்து அப்படித்தான்னு அம்மா சொன்னாங்க. என்ன கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. நம்ம ஜெபத்துக்குத்தான் சத்தம் கிடையாதே. … நீங்க என்ன நினைச்சுக்கணுமோ நினைச்சுக்குங்க. நான் எனக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் சொல்வேன்.

… பெட்டியை மூடறதுக்குள்ள வாங்க மாமா. காலையில பாட்டு ஆரம்பிச்சா மூடிடுவாங்க. … பள்ளிக்கூடம் வரைக்கும் பிக்கப் வரும். அதுக்கப்புறம் ஒரே சேறு. உங்க ரப்பர் டயர் சிக்கிக்கும், எங்க இரும்புச் சக்கரம்தான் வரும். … சிரிச்சீங்களா? … சிரிக்கலையா, சரி. நான் குதிரை வண்டியோட அங்க நிக்கறேன்.

… கொட்டகையில உட்கார வேண்டாம். … எங்கயும் உட்காராதீங்க. அடக்கம் முடிஞ்சதும் அடுப்புக்கிட்ட வாங்க. பாட்டி நின்ன இடத்துக்கு. ரொட்டியையும் காபியையும் கையில எடுத்துக்கிட்டு நிப்போம். … நானும்தான். … திட்டட்டுமே. நிக்கறவங்களை எந்த மேசையிலேர்ந்து எழுப்பி விடுவாங்க?

… பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் நிப்பேன்.

… மாமா? … மாமா, என்ன சத்தம் அது?

… அத்தையா? அவர் எங்க? … வண்டிச் சாவியா? இப்பவேவா? … மழை வந்தா பாத்து ஓட்டச் சொல்லுங்க. நீங்களும் வாங்க. கறுப்புத் துணி இல்லைன்னா பரவாயில்ல, அம்மாவோடது இருக்கு.

… கூழா? … கொண்டு வாங்க அத்தை. பட்டையைக் கொஞ்சமா போடுங்க. … சும்மாதான் சொன்னேன். … இல்ல, ஜன்னல் திட்டுல வைக்க வேண்டாம். மாமாவை என் கையில குடுக்கச் சொல்லுங்க. எனக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகலை, நான் வாங்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

… வர்ற பெந்தெகொஸ்தேக்கு. … ஆமா அத்தை. எடுத்துக்கத்தான் போறேன். பாட்டிகிட்ட சொல்லிட்டேன். … தெரியும். அதுக்கப்புறம் நானும் அவர் கையிலேர்ந்து வாங்க முடியாது. … தெரியும் அத்தை, யோசிக்காமலா இருப்பேன்? நிக்கறதுக்குப் பழகிக்கணும், அவ்வளவுதான். … அவர்கிட்ட இப்ப சொல்லாதீங்க. வண்டி ஓட்டணும். நானே சொல்லிக்கறேன்.

(இதோம்மா, முடிஞ்சுடுச்சு. தெரியுது, சிவப்பு விளக்கு எரியுது.)

… அத்தை, சார்ஜ் போகப் போகுது. ஒண்ணு மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க. மறந்துபோய்ப் பழக்கத்துல எங்கயாவது வச்சுடப் போறார். நாளைக்கு நான் வாங்கலாம். நாளைக்கு என் கையிலயே குடுக்கச்