கசிரோயின் பெயர் சபையில் வந்தது

"பொண்ணே, உனக்குப் பேச வராதா, இல்ல பேசப் பிடிக்காதா?" என்று செனட்டர் லோமுரியா முதல் நாள் என்னிடம் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. என் ஆஃபீஸ்ல பேசுறதுக்கு ஏற்கெனவே நாப்பது பேர் இருக்காங்க. நீ எழுது" என்றார்.

நான் பள்ளியை ஒன்பதாம் வகுப்பில் விட்டேன். பாடம் கடினமாக இருந்ததால் அல்ல. எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள், அதுதான் முடியவில்லை. எழுத்து மட்டும் என்னோடு வந்துவிட்டது. வீட்டில் மாவு மூட்டைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் ஆறு நோட்டுகள் இருக்கின்றன. இது ஏழாவது.

லொகிசிலில் செனட்டரின் அலுவலகம் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். முறையிட வருகிறவர்கள் சொல்வதை எழுதிச் சுருக்கி நைரோபிக்கு அனுப்புவது என் வேலை. செனட்டர் அதைச் செனட் சபையில் வாசித்து, பாதுகாப்புக் குழுவிடம் பதில் கேட்பார். மெஷிமிவா, அதாவது மாண்புமிகு, என்றுதான் அவரை நாங்கள் எல்லோரும் அழைப்போம். வானொலியில் நேரடியாக வரும். "மாண்புமிகு அவைத்தலைவரே" என்று அவர் தொடங்கியதும் அடுத்து நான் எழுதிய வாக்கியம் வரும். அப்போது நான் தேநீர் ஊற்றுவதுபோல் திரும்பிக்கொள்வேன்.

மார்ச் மாதம் நபேரு என்ற குடியிருப்பைப் பற்றி எழுதினேன். மாட்டுக் கொள்ளையர்களால் அங்கே ஆபத்து என்று மெஷிமிவா வாசித்தார். இரண்டு வாரம் கழித்து ஹெலிகாப்டரில் குழு வந்து இறங்கியது. எங்கள் மக்கள் பயந்தால் நிற்க மாட்டார்கள். முள்வேலியை அப்படியே விட்டுவிட்டு மந்தையோடு நகர்ந்துவிடுவார்கள். வந்தவர்கள் பார்த்தது காய்ந்த முள்ளும் ஆட்டுப் புழுக்கையும்தான்.

அடுத்த வாரம் சபையில் ஓர் உறுப்பினர் எழுந்தார். "நண்பரோட ஊர்ல ஆட்டுப் புழுக்கைக்கு போலீஸ் காவல் வேணுமாம். கொடுத்துடலாமே" என்றார். சபை சிரித்தது. லொகிசிலுக்குக் காவல் நிலையம் கேட்ட எங்கள் கோரிக்கையும் அந்தச் சிரிப்போடு போயிற்று. லொகிசிலில் நானூறு குடும்பங்கள். அதில் ஒன்று என் அம்மாவுடையது.

ஊருக்கு வந்த மெஷிமிவா என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, "நம்ம ஆளுங்க சாகுறதா இருந்தாலும் வேற எடத்துக்குப் போய்தான் சாவாங்க போல. ஆதாரம் இல்லாம நான் எத்தன தடவ எந்திரிச்சு நிக்கிறது, அபுவா?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் எழுதி வைத்திருந்தேன். மே மாதம் ஒரு சந்தையில் காவல் இல்லை என்று அவர் வாசித்தார். நான்காம் நாள் அந்தச் சந்தை சூறையாடப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கம், கொள்ளையர்களிடமும் வானொலி உண்டு. இரண்டு தேதிகளையும் ஒரே பக்கத்தில் குறித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

ஜூன் மாதம் கசிரோய் கிணற்றடிக் குடியிருப்பிலிருந்து நவோய் அக்கா வந்தார். முதுகில் அவர் மகள் நகிரு, கையில் ஒரு சுரைக்குடுவை புளித்த பால்.

"தங்கச்சி, எங்க கிணத்தையும் ஒரு தடவ சபையில வாசிக்கச் சொல்லேன். பக்கத்துக் கிணத்துக்காரிங்க ரெண்டு தடவ பேரு வந்துடுச்சுன்னு தண்ணிகூட நிமிந்துகிட்டுதான் எறைக்கிறாளுக."

விவரம் சொல்லச் சொல்லிச் சைகை செய்தேன். பதினோரு வீடுகள். ஊர்க்காவல் ஆட்கள் நான்கு பேர்.

"மூணு பேரு துப்பாக்கிய, பதிவு பண்ணணும்னு அதிகாரிங்க வாங்கிட்டுப் போனாங்க. திரும்பி வரல. மிச்சம் ஒண்ணு எங்க வீட்டுக்காரர் எகேனோகிட்ட. அது வெடிச்சா முன்னாடி நிக்கிறவன் பொழைச்சுக்குவான், இவருதான் விழுவாரு" என்று சொல்லிச் சிரித்தார். வெள்ளிக்கிழமைதோறும் இளைஞர்கள் ஒட்டகங்களை உப்புத் தரைக்கு ஓட்டிப் போய்விடுவதையும் சொன்னார். நகிரு என் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

காவல் பற்றிய குறிப்புகளில் எண்ணிக்கையும் கிழமையும் எழுதக் கூடாது என்பது நைரோபியிலிருந்து வந்த உத்தரவு. நான் எழுதினேன். ஆதாரம் கேட்டவர்களுக்கு எண்ணிக்கை வேண்டாமா? செவ்வாய்க்கிழமை மெஷிமிவா ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தார். நான்கு பேர், ஒரு துப்பாக்கி, வெள்ளிக்கிழமை.

புதன்கிழமை நவோய் அக்கா மறுபடியும் நடந்து வந்தார். முதலில், "கேட்டோம் தங்கச்சி, கெழவனுங்ககூட எந்திரிச்சு ஆடுனாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மலையில நெருப்பு தெரியுதாம். எகேனோ இன்னைக்கே நகரணும்ங்கிறாரு. நீ கவர்மென்ட்டு வெவரம் தெரிஞ்சவ. நீ சொல்லு, நகரலாமா?"

அன்றுதான் நான் அந்த அலுவலகத்தில் அதிகம் பேசினேன்.

"நகராதீங்க அக்கா. சபையில பேரு வந்த எடத்த விட்டுப் போனா, மெஷிமிவாவ பொய்யருன்னு சொல்லிடுவாங்க. நபேருல நடந்தது தெரியும்ல? போலீஸ் வருது."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

யாரும் வருவதாக இல்லை. குழு பதில் சொல்லவே இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

"அப்போ ஒரு ஆட்ட அடிச்சு வெக்கிறேன். பசியோட வருவாங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மாவு லாரி கசிரோய்ப் பக்கம் புறப்பட்டது. ஓட்டுநர் கதவில் தலையை நீட்டி, "அந்தப் பக்கம் சேதி ஏதாச்சும் இருக்கா, ஊமச்சி?" என்று கேட்டார். இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். புழுதி அடங்கும்வரை ஜன்னலருகே நின்றேன். அன்று அலுவலகத்தில் வேறு வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொள்ளையர்கள் வந்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். எகேனோ, நகிரு, இன்னும் ஆறு பேர். நவோய் அக்கா விறகுக்குப் போயிருந்தார். விருந்தாளிகளுக்காகக் கழுவிய தட்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

அடுத்த செவ்வாய் செனட் சபை ஒரு நிமிடம் எழுந்து நின்றது. புழுக்கை என்று சிரித்தவரே இரங்கல் உரை வாசித்தார்; வானொலியில் கேட்டேன். ஒரு மாதத்தில் லொகிசிலுக்குக் காவல் நிலையம் வந்தது, முப்பது போலீஸ்காரர்களோடு. ஓடுவதற்கு வசதியாகச் செருப்போடு தூங்கிய என் அம்மா இப்போது அதைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறார்.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. பதினோரு வீடுகள்தான் என்பதால் கசிரோயை எடுத்தேன். இருபது வீடுகள் இருந்திருந்தால் வேறு கிணற்றைப் பார்த்திருப்பேன். நகர வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னது யார் என்று விசாரணை நடந்தது. பழி ஊர்த் தலைவர் மேல் விழுந்தது; அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்த விசாரணைக் குறிப்புகளை எழுதியது நான்தான்.

நேற்று நவோய் அக்கா வந்தார். தனியாக. நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. அச்சிட்ட சபைக் குறிப்பை எடுத்து அவர் முன் விரித்து, பெயர்கள் இருந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"எட்டுப் பேரும் இருக்காங்க அக்கா, அப்பா பேரோட. மத்த ஊருக்கெல்லாம் 'சிலர்'னு மட்டும் போடுவாங்க. நகிருவுக்கு வயசுகூடப் போட வெச்சேன்."

அவர் தாளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று அவருக்குப் புரிந்தால் நல்லது என்று தோன்றியது. அதனால் சொன்னேன்.

"நீங்க நகந்திருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. அதான் போலீஸ் வருதுன்னு சொன்னேன். வர்றது கொள்ளைக்காரங்கன்னு எனக்குத் தெரியும்."

தாளை மடித்து, எடுத்துப் போகும்படி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வெளியே போய்விட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது; அதனால்தான் வாங்கவில்லை.