கோட்டையைச் சுருக்கிய விதம்

எங்கள் மாடி அறையில் காலை வெயில் நேராக டிவித் திரையில் விழும். அதனால் முதலில் போய் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிடுவது என் வழக்கம். அன்றைக்கும் இழுத்துவிட்டேன், ஐயா.

அண்ணன் எழுதும் விளையாட்டுகள் பெரிய கம்ப்யூட்டரில் ஓடும். அவற்றையே சாதாரண வீடுகளில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரில் ஓடவைப்பது என் வேலை. அண்ணி படங்களைச் சுருக்கி மறுபடி வரைவார். சின்னதில் இடம் குறைவு. ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்று நுழையும்.

"உன் பொட்டிக்கு ஏம்மா இவ்வளவு சின்ன வயிறு? என் கோட்டைல பாதியைத் துப்பிடுச்சே" என்பார் அண்ணி.

"ஜன்னலைக் குறைங்க அண்ணி. ராஜா என்ன காத்து வாங்கவா உள்ள இருக்காரு?"

சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

கம்ப்யூட்டருக்குள் படம், பாட்டு, எழுத்து எல்லாமே எண்கள்தான். ஆட்டம் நடக்கும்போது பயன்படாமல் கிடக்கும் எண்களைத் தேடி அழிப்பேன். எது என்ன என்று விசாரித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. எடுத்த பிறகும் ஆட்டம் ஓடினால், அது தேவைப்படாத ஒன்று.

கோட்டை விளையாட்டை முடித்து ஓட்டிப் பார்த்தேன். முதல் திரையில் அண்ணன் பெயர் இருந்தது. அண்ணி பெயர் இருந்தது. அடுத்து வரவேண்டிய என் பெயர் இல்லை. அண்ணனிடம் சொன்னேன்.

"அட, விடும்மா. விளையாடறவன் கோட்டையைப் பார்ப்பானா, பேரைப் பார்ப்பானா?"

அவர் பெயர் இருந்தது. அதனால் அவருக்கு அது சின்ன விஷயம். கதை அவருடையது, படம் அண்ணியுடையது. அந்த விளையாட்டில் என்னுடையது என்று கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான்.

அதன்பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். நான் உள்ளே வந்தால் பேச்சு மாறியது. அண்ணி திரையைத் தோளால் மறைத்துக்கொண்டார். ஒருநாள் சாப்பிடும்போது, "உனக்கு ஏம்மா இவ்வளவு நீளமா பேர் வச்சாங்க?" என்று கேட்டார். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். என் பெயரை எடுத்தது அண்ணிதான் என்பதற்கு அதற்கு மேல் எனக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

சின்னக் கம்ப்யூட்டருக்குத் திரையாக அண்ணி பயன்படுத்திய பழைய டிவியின் உலோகப் பெட்டியில் மின்சாரம் கசியும். அண்ணன் அதற்கு எர்த் வயர் இழுத்து, கீழே ரப்பர் விரிப்பும் போட்டிருந்தார்.

"இதெல்லாம் இல்லாம தொட்டே, நேரா மேலதான்" என்று அண்ணியை வம்புக்கு இழுப்பார்.

"இப்பவே மாடிலதான இருக்கேன். இன்னும் என்ன மேல?" என்பார் அண்ணி.

நான் எதையும் புதிதாகக் கொண்டுவந்து வைக்கவில்லை, ஐயா. வயரை எடுத்தேன். விரிப்பை எடுத்தேன். தரையை ஈரத்துணியால் துடைத்தேன். அது தினமும் செய்வதுதான். திரைச்சீலை போட்டிருந்தால் அந்த மூலை இருட்டாக இருக்கும். கீழே போய்ப் பால் காய்ச்சினேன். அண்ணி மாடி ஏறும் சத்தம் கேட்டது. இறங்கும் சத்தம் கேட்கவில்லை. பால் பொங்கி வழியாமல் பார்த்து அடுப்பை அணைத்தேன்.

நேற்று அண்ணன் என்னைப் பார்க்க இந்தச் சிறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"உன் பேரை எடுத்தது அவ இல்லம்மா. நீ அழிச்ச எண்கள்லதான் அது இருந்துச்சு. அவ தன் பேரை எடுத்துட்டு, அந்த இடத்துல உன் பேரை வரைஞ்சிட்டிருந்தா. முடியறவரைக்கும் உனக்குத் தெரியக் கூடாதுன்னு என் வாயைக் கட்டிட்டா. அன்னிக்குக் காலைல கடைசி எழுத்தைப் போடத்தான் போனா."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அழிக்கும்போது நான் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. ஆனால் தவறு முழுவதையும் என் தலையில் கட்டுவது நியாயமில்லை, ஐயா. மாடி ஏறும் முன் அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த டிவியைத் தொடாதீர்கள் என்று நானே தடுத்திருப்பேன்.